நாக் சென்சாரைக் கழற்றும் முன்

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது, ஏசி ஓட, ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் கோளாறு இருந்தால் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம் பானெட்டுக்குள்ளிருந்து வரும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். சில வண்டிகளில் சத்தமே இருக்காது. வண்டி இழுக்காது, டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு எரியும், அவ்வளவுதான். ஸ்கேனரை மாட்டினால், இந்தத் தட்டலைக் கேட்டுச் சொல்கிற நாக் சென்சார் என்று எரர் காட்டும்.

பாளையங்கோட்டையில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இந்த எரரைப் பார்த்த உடனே புது சென்சாரை வாங்கி மாட்டிவிட்டு, ஒரு வாரத்தில் அதே விளக்கோடு திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் வருத்தம் உண்டு. நாக் சென்சார் லேசில் கெட்டுப்போகிற பொருள் இல்லை. அது சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அல்லது அது சொல்வதைக் கொண்டுபோகிற வயர் அறுந்திருக்கலாம். இந்த இரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான் சென்சார் மேல் கை வைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும், சொந்த வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எல்லாமே பெட்ரோல் காருக்கு. டீசல் இன்ஜினின் தட்டல் வேறு கதை.

சென்சார் எதைக் கேட்கிறது

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அழுத்துகிறது. அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக் பொறி விடும். பொறியிலிருந்து நெருப்பு ஒழுங்காகப் பரவினால் பிஸ்டன் சீராகக் கீழே போகும். நெருப்பு வந்து சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கிற கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றிக்கொண்டால்தான் வம்பு. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மாறி மாறி மோதும். நாம் கேட்கிற புளியங்கொட்டைச் சத்தம் அதுதான். வழக்கமான கார் சிலிண்டரில் அந்த அதிர்வு விநாடிக்கு 6,000, 7,000 தடவை இருக்கும். சிலிண்டரின் அகலம் கூடக் கூட இந்த எண் குறையும். இதை மாதக்கணக்கில் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும், சில நேரம் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும்.

அடுப்பு பற்றவைக்கிற கேஸ் லைட்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு படிகக் கல் மேல் அடி விழும், அதிலிருந்து மின்சாரம் வந்து பொறி பறக்கும். நாக் சென்சாருக்குள் இருப்பதும் அதே வகைக் கல்தான். பீசோ என்பார்கள். இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பதால், பிளாக் அதிரும்போதெல்லாம் கல் நெருக்கப்பட்டுச் சின்ன ஏசி வோல்டேஜை வெளியே விடும். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ அதைப் பார்த்து, நாக்கிங் என்று தெரிந்தால் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கிராங்க் சுழற்சிக் கணக்கில் ஒன்றிரண்டு டிகிரி தள்ளிப்போடும். சத்தம் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். இது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே நாள் முழுக்க நடக்கிறது.

சென்சாரிலிருந்து வரும் சிக்னல் நின்றுபோனால் ஈசியூவுக்கு வேறு வழி இல்லை. நாக்கிங் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்காக டைமிங்கை நிரந்தரமாகப் பின்னால் தள்ளி வைத்துவிடும். அதனால்தான் பிக்கப் குறைகிறது, மைலேஜ் இறங்குகிறது, இன்ஜின் கூடுதலாகச் சூடாகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதோ நடுவழியில் நிற்பதோ பொதுவாக இதனால் நடக்காது. விளக்கு எரிந்தாலும் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்துவிடலாம். டர்போ வண்டியாக இருந்தால் மட்டும் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு ஸ்கேனர். கம்பெனி ஸ்கேனர்தான் வேண்டும் என்பதில்லை. வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எரரைப் படித்துப் போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பும் சின்ன ஓபிடி டாங்கிள் போதும், சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்ட வேண்டும். இந்தியாவில் 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் இது இருக்கும். அப்புறம், மில்லிவோல்ட் அளவுக்கு ஏசியும் மெகாஓம் அளவுக்கு ரெசிஸ்டன்ஸும் காட்டுகிற மல்டிமீட்டர் ஒன்று, டார்ச், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். கடைசியில் சொன்னதைப் பல ஒர்க்‌ஷாப்பில் அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு அது இல்லாமல் இறங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டோ தோளில் துண்டு போட்டுக்கொண்டோ ஓடுகிற இன்ஜின் மேல் குனிய வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது.

முதலில் எரரைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்கேனரை மாட்டியதும் வருகிற எண்ணைப் பேப்பரில் எழுதுங்கள். பி0325 என்றால் முதல் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. பி0326 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் இருக்க வேண்டிய அளவில் இல்லை. பி0327 சிக்னல் குறைவு, பி0328 சிக்னல் அதிகம், பி0329 விட்டு விட்டு வருகிறது. பி0330 முதல் பி0334 வரைக்கும் இதே வரிசை இரண்டாவது சென்சாருக்கு. வி6 மாதிரி சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக (பேங்க்) உள்ள இன்ஜினில் பார்க்கலாம்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று இருக்கும். எரர் விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, இன்ஜின் மேல் சுமை எவ்வளவு என்று ஈசியூ குறித்து வைத்திருக்கும். புதியவர்கள் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. எனக்கோ பாதி விடை அதில்தான் கிடைக்கிறது. கூலன்ட் 110 டிகிரியில் இருந்தபோது எரர் விழுந்திருந்தால் நான் முதலில் ரேடியேட்டர் ஃபேனைத்தான் பார்ப்பேன், சென்சாரை இல்லை. சாவியைப் போட்ட உடனே, இன்ஜின் ஓடாமலே விழுந்திருந்தால் வயரையும், அதைச் சென்சாரோடு சேர்க்கிற பிளாஸ்டிக் கப்ளரையும் சந்தேகப்படுவேன். மேட்டில் 3,000 ஆர்பிஎம்மில் முழுச் சுமையில் விழுந்திருந்தால் நிஜமான நாக்கிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூடவே வேறு எரர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பி0171 என்று இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். பெட்ரோல் குறைந்த கலவை சுலபமாக நாக் ஆகும். அப்போது காற்று கசிகிற ஹோஸையும் பெட்ரோல் பிரஷரையும் சரிசெய்தாலே நாக் எரர் தானாகப் போய்விடும்.

சென்சார் உண்மை சொல்கிறதா

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. நல்ல சென்சார் நாக்கிங்கைக் கேட்டு, ஈசியூ டைமிங்கைத் தள்ளித் தள்ளி எல்லை வரைக்கும் போயும் நாக்கிங் நிற்காவிட்டால், பல வண்டிகளில் சென்சார் பெயரிலேயே எரர் விழும். அந்த நேரத்தில் சென்சாரை மாற்றுவது, வீட்டில் புகை வருகிறது என்று குரைக்கிற நாயைக் கட்டிப்போடுவது மாதிரி.

முதலில் பெட்ரோல். சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 91-க்குக் குறையக் கூடாது, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 என்றால் 95-க்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. எத்தனால் வந்ததால்தான் இன்ஜின் தட்டுகிறது என்று பலர் சொல்கிறார்கள். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்குகிற குணம் பெட்ரோலை விட அதிகம். ஆனால் தண்ணீர் கலந்தால் கதை மாறும். டேங்க்கில் தண்ணீர் புகுந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சுகிற பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்ரோல் போட்ட மறுநாளே தட்டல் ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்க்கைக் கழுவ வேண்டும்.

அடுத்தது சூடு. நம் ஊர் சித்திரை வெயிலில் உள்ளே போகிற காற்றே கொதித்துக்கொண்டு போகிறது. கூலன்ட் அளவு, ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஜாலியில் அடைத்த தூசி, பூச்சி எல்லாவற்றையும் பாருங்கள். கயத்தாறு வழியாக நாற்கரச் சாலையில் ராத்திரியில் ஓடுகிற வண்டிகளின் ரேடியேட்டரில் பூச்சி அப்பிப்போய் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு படிந்த வண்டிகளும் உண்டு.

மூன்றாவது, கார்பன். திருநெல்வேலிக்குள்ளேயே டவுன், வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி, இன்ஜின் சூடாவதற்குள் அணைக்கப்படுகிற வண்டிகளில் பிஸ்டன் தலையில் கார்பன் தடிமனாகப் படியும். அந்தக் கரி தணலாகக் கனன்று கலவையைப் பற்றவைக்கும். அது அடைத்துக்கொள்கிற இடத்தால் கம்ப்ரஷனும் கூடும். பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளக்கைக் கழற்றும்போது அதன் எண்ணையும் பாருங்கள். சொல்லப்பட்டதை விடச் சூடான வகைப் பிளக் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

வேறு சத்தத்தைக் கேட்டு ஏமாந்திருக்கிறதா

சென்சாருக்குக் காது மட்டும்தான், கண் கிடையாது. அதே வேகத்தில் அதிர்கிற எதைக் கேட்டாலும் நாக்கிங் என்றுதான் சொல்லும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் ஒரு போல்ட் லூஸாக இருந்தாலே போதும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். வேறு இடத்தில் ஏசி கம்ப்ரஸர் மாற்றியதிலிருந்து பிக்கப் இல்லை என்றார். கம்ப்ரஸர் பிராக்கெட்டின் ஒரு போல்ட் கையால் முடுக்கியதோடு விடப்பட்டிருந்தது. ஸ்பேனர் போட்டு இறுக்கினேன், வண்டி பழையபடி இழுத்தது.

ஹீட் ஷீல்டு, இன்ஜின் மவுன்ட், அடியில் இருக்கிற கவர், லூஸான டைமிங் செயின், டேப்பெட் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையால் அந்தந்த இடத்தைத் தொட்டுக் கேட்டால் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பிடிபடும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளியே நில்லுங்கள். ஐடிலிலேயே கனமாக 'டக் டக்' என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் அது ராடு பேரிங்காக இருக்கலாம். உடனே இன்ஜினை அணையுங்கள். அது சென்சார் வேலை இல்லை.

வயரும் கப்ளரும்

என் அனுபவத்தில் இந்த எரரோடு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு கிடைப்பது இங்கேதான். அதற்கு நம் ஊரே காரணம்.

பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலி வீட்டுப்பக்கம் வரும். ராத்திரி சூடான இன்ஜின் மேல் ஏறி உட்காரும், சும்மா இருக்காமல் வயரைக் கடிக்கும். முக்கூடல், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து மாசி, பங்குனியில் இப்படி வண்டிகள் வரிசையாக வரும். கடற்கரைப் பக்கம் வேறு மாதிரி. உவரி, திருச்செந்தூர், காயல்பட்டினம் வண்டிகளில் உப்புக்காற்றுப் பட்டுக் கப்ளர் பின்னில் பச்சை பூக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆறேழு மாதம் வரைக்கும் இந்த வேலைதான் எனக்கு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நேரம் அது. தண்ணீரில் நின்ற வண்டிகளைச் சுத்தம் செய்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிளாக்கில் தாழ்வாக இருக்கிற நாக் சென்சாரின் கப்ளருக்குள் தங்கிய ஈரம் மட்டும் மெதுவாகப் பின்னைத் தின்றுகொண்டே இருந்தது.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் சென்சார் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். மூன்று சிலிண்டரில் நடு சிலிண்டர் பக்கம். பல வண்டிகளில் இன்டேக் மானிஃபோல்டுக்குக் கீழே மறைந்திருக்கும், கீழேயிருந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க முடியும். நடுவில் ஓட்டையோடு வட்டமாக, ஒரு போல்ட் குத்தி நிற்கும்.

சாவியை அணைத்து, இன்ஜின் ஆறிய பிறகு கப்ளரைக் கழற்றுங்கள். லாக்கை அமுக்கிவிட்டு இழுக்க வேண்டும். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக், பலத்தைக் காட்டினால் நொறுங்கிவிடும். உள்ளே ஆயில், கூலன்ட், பச்சை, வளைந்த பின் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் இருந்தால் மேலே எந்த கேஸ்கெட் கசிகிறது என்று தேடுங்கள். பின்னை மட்டும் துடைத்துவிட்டு அனுப்பினால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

அப்புறம் மல்டிமீட்டர். ஈசியூ பக்கக் கப்ளரையும் கழற்றிக்கொண்டு, ஒவ்வொரு வயரும் முனைக்கு முனை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் நல்லது. ஒவ்வொரு வயரையும் பாடி எர்த்தோடு வைத்துப் பாருங்கள். சிக்னல் வயர் எங்கேயும் எர்த்தைத் தொடக் கூடாது. மீட்டரைப் பிடித்தபடியே வயரை நெடுகிலும் லேசாக ஆட்டுங்கள். எண் குதித்தால் உள்ளே பாதி அறுந்து நிற்கிறது. பி0329-க்கு விடை பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். இரண்டு வயரும் சரி என்றால் ஈசியூ கப்ளரைத் திரும்ப மாட்டி, சாவியை மட்டும் போட்டு, சென்சார் கழற்றிய நிலையில் ஹார்னஸ் (வண்டியின் வயர் கட்டு) பக்கம் வோல்டேஜ் பாருங்கள். சில கார்களில் ஈசியூ 5 வோல்ட் அளவுக்கு ஒரு சோதனை வோல்டேஜ் அனுப்பும், சிலவற்றில் அனுப்பாது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எலி கடித்த இடத்தை ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சிக்னல் மில்லிவோல்ட் அளவில் வருகிற மெல்லிய சிக்னல். பக்கத்திலேயே இக்னிஷன் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்கிறது. அதன் இரைச்சல் உள்ளே வராமல் இருக்கத்தான் பல வண்டிகளில் வயரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்டிருக்கிறார்கள். இரண்டு முனையை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் விளக்கு அணையும், ஆனால் வலை அறுந்தபடியே கிடந்தால் ஆர்பிஎம் ஏறும்போது பி0328 வரும். வயரைச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வலையையும் மறுபடி சேர்த்துவிடுங்கள். ஒட்டிய வயரைக் காயில் வயர்களோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

இப்போது சென்சார்

சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இங்கே எல்லா வண்டிக்கும் ஒரே எண் இல்லை. வெறும் பீசோ வகை ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டும், சில மீட்டரில் திறந்த சர்க்யூட் மாதிரியே தெரியும். அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று முடிவுகட்டாதீர்கள். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருப்பதால் 120 முதல் 280 கிலோஓம் காட்டும். எந்த வகையாக இருந்தாலும் சைபருக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட், அது போனதுதான். ஒற்றை வயர் சென்சாரில் இன்னொரு முனை அதன் உலோக உடம்பு.

அடுத்தது தட்டிப் பார்க்கிற சோதனை. மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து சென்சார் பின்னில் பிடித்துக்கொண்டு, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கின் மேல் சின்ன ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். சென்சார் மேலேயே தட்டக் கூடாது, உள்ளே இருக்கிற கல்லில் விரிசல் விழுந்துவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் எண் துள்ளி இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. மீட்டர் மெதுவாகத்தான் அளக்கும் என்பதால் எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, துள்ளுகிறதா என்பதுதான் முக்கியம். ஆசிலோஸ்கோப் வைத்திருந்தால் அலையையே பார்க்கலாம். பழகிக்கொள்ள நினைக்கிறவர்கள் நல்ல வண்டி ஒன்றில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும்.

ஓடுகிற இன்ஜினில் பிளாக்கைத் தட்டினால் ஸ்கேனரில் டைமிங் இறங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பழைய வண்டிகளில் இது நடக்கும். இப்போதைய ஈசியூ, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய கொஞ்ச நேரம் மட்டுமே காதைத் திறந்து வைக்கும். மற்ற நேரத்துத் தட்டலைக் கணக்கில் எடுக்காது. அதனால் டைமிங் இறங்கவில்லை என்பதை வைத்துச் சென்சாரைக் குறை சொல்ல முடியாது.

போல்ட்

சென்சாரும் நல்லது, வயரும் நல்லது, எரர் மட்டும் பி0326 என்று வருகிறது. அப்படி வந்தால் நான் போல்ட்டைப் பார்ப்பேன். வட்டமான சென்சார்களுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம், ஐந்து கூடக் குறைய இருக்கலாம். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். லூஸாக இருந்தால் பிளாக்கின் அதிர்வு கல்லுக்கு வந்து சேராது. அளவுக்கு மீறி இறுக்கினால் கல் நெருக்குண்டு குணம் மாறிவிடும், விரிசலும் விடலாம். கையில் பலம் இருக்கிறது என்பதற்காக முறுக்குகிற இடம் இல்லை இது. டார்க் ரெஞ்ச் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

சென்சார் உட்காருகிற இடம் வெறும் உலோகமாகச் சுத்தமாக இருக்க வேண்டும். துரு, பெயின்ட், பழைய சிலிக்கான் எதுவும் கூடாது. இடையில் வாஷர் போடவே கூடாது. போல்ட் நீளமாக இருக்கிறது என்று ஒரு ஸ்பிரிங் வாஷரைச் செருகி அனுப்பிய வண்டியைப் பார்த்திருக்கிறேன். "அண்ணாச்சி, புது சென்சாரு போட்டு மூணு நாள்தான் ஆச்சு, திரும்பவும் லைட்டு எரியுது" என்று பாவூர்சத்திரத்திலிருந்து வந்தவர் பாவம், நொந்துபோயிருந்தார். வாஷரை எடுத்துவிட்டு, அளவான போல்ட் போட்டு, 20-க்கு இறுக்கினேன். அவர் ஏற்கெனவே கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய சென்சாரையும் தட்டிப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விளக்கு எரியக் கூடாது என்று சென்சாரைப் பிளாக்கிலிருந்து கழற்றி, கப்ளர் மாட்டியபடியே ஓரமாக டேப் போட்டுக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வயர் சேர்ந்தே இருப்பதால் சிக்னல் நின்றுபோனதாகச் சில ஈசியூக்களுக்குத் தெரியாது. நாக்கிங்கும் கேட்காது, டைமிங்கைப் பின்னால் தள்ளாது, வண்டியும் நன்றாக இழுப்பது போலத் தெரியும். உள்ளே நிஜமான நாக்கிங் இருந்தால் பிஸ்டன் உடைகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. யார் கேட்டாலும் இதைச் செய்யாதீர்கள்.

மாற்றிய பிறகு

சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் மாற்றிவிடுங்கள். வண்டிக்குரிய பார்ட் எண்ணை வைத்தே வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் சென்சார்கள் வேறு வேறு அளவில் சிக்னல் தரும், தவறானதைப் போட்டால் பி0326 வந்து நிற்கும். கப்ளர் முன்பு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வையுங்கள். வயர் இழுபட்டு நிற்கக் கூடாது. மானிஃபோல்டைக் கழற்றியிருந்தால் அதன் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் காற்று கசிந்து வேறு எரர் கிளம்பும்.

எரரை அழித்துவிட்டு ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜின் சூடாகி, ஆர்பிஎம் ஏறி, சுமை வந்தால்தான் பெரும்பாலான ஈசியூக்கள் இந்தச் சென்சாரைச் சோதித்துப் பார்க்கும். டாங்கிளை மாட்டி, பக்கத்தில் ஒருவரைப் போனோடு உட்காரவைத்து ரோட்டுக்குப் போங்கள். ஓட்டுகிறவர் ஸ்க்ரீனைப் பார்க்கக் கூடாது. நான் நாற்கரச் சாலையில் நாங்குநேரி வரைக்கும் போய்த் திரும்புவேன். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து சீராக 3,500 வரை ஏற்றி, டைமிங் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். அளவான வேகத்தில் சுமையில்லாமல் போகும்போது 25 முதல் 40 டிகிரி வரைக்கும் நின்றால் ஈசியூ பயப்படாமல் வேலை செய்கிறது. அழுத்தும்போது இறங்கி, விட்டதும் ஏறினால் அது இயல்பு. எப்படி ஓட்டினாலும் பத்துப் பதினைந்தைத் தாண்டாமல் இருந்தால் இன்னும் பின்வாங்கித்தான் வைத்திருக்கிறது, மறுபடியும் பெட்ரோல், சூடு, கார்பன் பக்கம் போய்ப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எரர் வந்தால்தான் ஈசியூவைச் சந்தேகப்பட வேண்டும். அது மிகவும் அபூர்வம், எனக்கு இதுவரை கைவிரல் எண்ணிக்கைக்குள்தான் வந்திருக்கிறது. ஈசியூவைத் திறக்கும் முன், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். பட்டை அரித்துப்போயிருந்தால் நல்ல ஈசியூவும் தப்பாகத்தான் படிக்கும்.

கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு, வண்டி எண், தேதி, வந்த எரர் எண், மீட்டரில் காட்டிய ரெசிஸ்டன்ஸ் எல்லாவற்றையும் எழுதி வண்டிக்காரரிடமே கொடுங்கள். உங்கள் நோட்டிலும் ஒரு வரி எழுதி வையுங்கள்.